நோயுள்ள பிள்ளையைக் குணப்படுத்துவதும் கருவைத் திருத்துவதும் ஒன்றல்ல

கேள்வி இது: "குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் மரபணுவைத் திருத்தி, பரம்பரை நோய் வராமல் தடுக்க முடியும் என்கிறார்கள். முடியும் என்றால் ஏன் இத்தனை நாடுகள் தடை போடுகின்றன? தன் பிள்ளை ஆரோக்கியமாகப் பிறக்க வேண்டும் என்று ஆசைப்படுவது எப்படித் தவறாகும்?"

ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. மரபணு நோய்கள் பற்றிக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளையை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றக் கூட்டிவரும் ஓர் அம்மா, "அடுத்த பிள்ளைக்காவது இது வராம இருக்குமா?" என்று கேட்பதில் பேராசை எதுவும் கிடையாது. அவருக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். வராமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்குக் கருவின் மரபணுவைத் திருத்த வேண்டிய தேவை அநேகமாக எந்தக் குடும்பத்துக்கும் வருவதில்லை.

இந்த விஷயத்தில் பலருக்கும் இருக்கும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வயிற்றில் ஒரு குழந்தை வளர்கிறது, அதற்கு நோய் இருப்பது தெரிகிறது, மருத்துவர்கள் மரபணுவைத் திருத்திக் காப்பாற்றுகிறார்கள் என்றுதான் பெரும்பாலானோர் மனதில் படம் ஓடுகிறது. நடப்பது வேறு. அந்த நேரத்தில் கர்ப்பமே இல்லை. உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும் ஐ.வி.எஃப். ஆய்வகத்தில் ஒரு தட்டில் கருமுட்டை இருக்கிறது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நுண்ணோக்கியில் பார்த்தபடி, ஒரு கண்ணாடிக் குழல் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி உள்ளே போகிறது. விந்தணுவோடு சேர்த்தே மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் என்ற மூலக்கூறுக் கருவியையும் செலுத்துகிறார்கள். அப்போது அங்கே நோயாளி என்று யாரும் இல்லை. அந்த முட்டை கருவாகி, கர்ப்பப்பையில் வைக்கப்பட்டு, ஒட்டி வளர்ந்தால்தான் ஒரு பிள்ளை வரும். வைக்காமல் விட்டால் வராது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். அப்பா, அம்மா இருவரும் தலசீமியா கேரியர்கள், அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் என்றால், அவர்களுக்கு உருவாகும் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அதாவது சராசரியாக நான்கில் மூன்று கருக்களுக்கு நோய் இருக்காது. ஐ.வி.எஃப்.-இல் எட்டுக் கருக்கள் கிடைத்தால் ஐந்தாறு கருக்களாவது தேறும் என்று எதிர்பார்க்கலாம். ஐந்தாம் நாள் ஒவ்வொரு கருவிலிருந்தும் சில செல்களை எடுத்துச் சோதித்து, நோயில்லாத ஒன்றை வைப்பது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. திருத்தம் செய்ய வேண்டும் என்றால் என்ன ஆகும்? திருத்தம் எல்லாச் செல்களுக்கும் போய்ச் சேர வேண்டுமானால் கரு ஒரே செல்லாக இருக்கும்போதே செய்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் எந்தக் கருவுக்கு நோய் இருக்கிறது என்று சோதிக்க வழியில்லை. இருப்பது ஒரே செல், அதை எடுத்தால் கருவே இல்லை. ஆக, ஒன்றைச் சரிசெய்வதற்காக நோயே இல்லாத மற்ற மூன்றையும் சேர்த்து வெட்ட வேண்டிவரும். "திருத்தித் தருகிறோம்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, ஒருவர் உண்மையிலேயே செய்தாரே, அப்போது என்ன நடந்தது?

2018 நவம்பர் கடைசியில் சீனாவின் ஷென்சென் நகர விஞ்ஞானி ஹே ஜியான்குய், மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். லுலு, நானா என்று புனைபெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது, அம்மாவுக்கு இல்லை. எச்.ஐ.வி. கிருமி செல்லுக்குள் நுழையப் பெரும்பாலும் பயன்படுத்தும் வாசல் சி.சி.ஆர்.5 என்ற புரதம். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் (ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வருவது) 32 டி.என்.ஏ. எழுத்துகள் இயற்கையாகவே இல்லை, அவர்களுக்கு எச்.ஐ.வி. எளிதில் தொற்றாது. அந்த நிலையைச் செயற்கையாக உருவாக்குவதுதான் ஹேயின் திட்டம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவரே ஹாங்காங் மாநாட்டில் காட்டிய தரவுகளைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது. இரட்டையரில் ஒரு குழந்தைக்கு ஒரு பிரதியில் 15 எழுத்துகள் போயிருந்தன. இன்னொரு பிரதி அப்படியே இருந்தது. அதாவது வாசல் திறந்தேதான் இருக்கிறது, அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மற்றக் குழந்தைக்கு ஒரு பிரதியில் 4 எழுத்துகள் போயிருந்தன, மறு பிரதியில் ஓர் எழுத்து கூடியிருந்தது. இயற்கையில் காணப்படும் அந்த 32 எழுத்துக் குறைபாடு இரண்டு பேருக்குமே இல்லை. இவர்களிடம் இருக்கும் மாற்றங்கள் அதுவரை எந்த மனிதரிடமும் ஆராயப்பட்டவை அல்ல. முதல் கருவில் திருத்தம் பாதிதான் நடந்திருக்கிறது என்று வைப்பதற்கு முன்பே தெரியும். தெரிந்தும் வைத்தார்கள். பெற்றோரிடம் சொன்னோம், அவர்கள் விரும்பினார்கள் என்றார் ஹே.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது, அந்தத் திருத்தம் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்விதான். திட்டத்தில் சேர்ந்த ஆண்களின் ரத்தத்தில் கிருமியின் அளவு மருந்தால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. விந்தணுக்களைக் கழுவிப் பிரித்து எடுத்து ஐ.வி.எஃப். செய்தால் குழந்தைக்கு அப்பாவிடமிருந்து எச்.ஐ.வி. வராது. ஹேயின் குழுவே அப்படிக் கழுவித்தான் பயன்படுத்தியது. பிறக்கப்போகும் குழந்தைக்கு இல்லாத ஒரு நோய்க்கு, எப்போதாவது வரக்கூடிய ஒரு தொற்றுக்கு, உடலின் ஒவ்வொரு செல்லையும் மாற்றினார்கள். சி.சி.ஆர்.5 சும்மா கிடக்கும் புரதமும் இல்லை. அது இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்று தீவிரமாகும் அபாயம் கூடுதல். எச்.ஐ.வி.-யில் சில வகைகள் வேறொரு புரதத்தின் வழியாகவும் நுழைகின்றன.

அந்தத் தம்பதிகள் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? சீன விதிகளின்படி எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஐ.வி.எஃப். சிகிச்சை கிடையாது. பிள்ளை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, செலவில்லாமல் அந்தக் கதவைத் திறந்துவிட்டது இந்தத் திட்டம் மட்டும்தான். ரத்தப் பரிசோதனைக்கு வேறு ஆட்களை அனுப்பி ஏமாற்றியது, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைப் போலியாகத் தயாரித்தது எல்லாம் பின்னால் விசாரணையில் வெளிவந்தன. ஒப்புதல் படிவத்தில் இதை "எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம்" என்று குறிப்பிட்டிருந்தார்கள். தவறான இடத்தில் வெட்டு விழுந்து அதனால் பாதிப்பு வந்தால் குழு பொறுப்பேற்காது என்றும் அதில் இருந்தது. அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். நெருக்கடியில் இருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குவது மிகவும் சுலபம் என்பதை என் வேலையில் தினமும் உணர்கிறேன்.

2019 டிசம்பர் 30 அன்று ஷென்சென் நீதிமன்றம் ஹேவுக்கு மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. உடன் இருந்த இருவருக்கும் தண்டனை. மூன்றாவதாக ஒரு குழந்தை பிறந்திருப்பதும் அப்போதுதான் உறுதியானது. 2022-இல் ஹே வெளியே வந்துவிட்டார். அந்த மூன்று குழந்தைகளும் இப்போது பள்ளிக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள்.

அது ஒரு அவசரக்காரரின் தவறு, கவனமாகச் செய்தால் சரியாகிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கவனமாகச் செய்தவர்களின் முடிவுகளும் இருக்கின்றன. அவர்கள் கருவை வளர விடாமல் ஆய்வகத்திலேயே நிறுத்தி, செல் செல்லாகப் பிரித்துப் பார்த்தார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீட்டர் எக்லி குழு, பார்வை இழப்பை ஏற்படுத்தும் ஒரு மரபணுவை வெட்டிப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய பாதிக் கருக்களில் அந்த மரபணு இருக்கும் 6-ஆம் குரோமோசோமின் (மரபணுக்கள் கோர்த்திருக்கும் இழையின்) பெரும்பகுதியோ முழுக் குரோமோசோமுமோ தொலைந்துபோயிருந்தது. லண்டனில் கேத்தி நியாகன் குழுவும் அதே ஆண்டில், வெட்டிய இடத்தைச் சுற்றி எதிர்பாராத பெரிய இழப்புகள் ஏற்படுவதைக் காட்டியது. கிரிஸ்பர் வெட்ட மட்டும்தான் செய்யும். ஒட்டவைப்பது செல்லின் வேலை. கரு வேகமாகப் பிரிந்துகொண்டே இருக்கும் அந்த முதல் நாட்களில், ஒட்டவைக்கும் வேலை சரியாக நடப்பதில்லை.

வெட்டாமலேயே ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் புதிய கருவிகள் வந்துவிட்டன, இந்தச் சேதம் குறையும் என்பது உண்மை. ஆனாலும் ஒரு சிக்கல் கருவியால் தீராது. திருத்தம் சரியாக நடந்ததா என்று ஐந்தாம் நாள் சில செல்களை எடுத்துச் சோதிக்கலாம். மீதியுள்ள செல்களிலும் அப்படியேதான் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரே கருவுக்குள் சில செல்கள் ஒரு மாதிரியும் சில செல்கள் வேறு மாதிரியும் இருக்கும். எல்லாச் செல்களையும் சோதித்தால் கரு மிஞ்சாது. கரு நல்லபடியாக இருக்கிறதா என்பதை அந்தப் பிள்ளை வளர்ந்துதான் காட்ட வேண்டும்.

பிறந்த பிறகு செய்யும் மரபணுச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-இல் அமெரிக்காவில் விக்டோரியா கிரே என்ற பெண்மணிக்கு அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்காக இதே கிரிஸ்பர் சிகிச்சை கொடுத்தார்கள். அவருடைய ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் திருப்பிச் செலுத்தினார்கள். வயதுவந்த ஒருவர், தன் வலி என்னவென்று தெரிந்தவர், ஆபத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு சம்மதித்தார். பிழையானால் அது அவரோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்பியாவில், ரத்தத்தில் அமோனியா தேங்கும் அரிய நோயோடு பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தைக்காகவே ஆறு மாதத்தில் மரபணுவைத் திருத்தும் ஒரு மருந்தை உருவாக்கிக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை கொடுத்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த வேலைகளைப் பார்த்தால் எனக்கு மனது நிறைகிறது. நோயோடு இருக்கும் ஒரு மனிதரிடமிருந்து தொடங்குகின்றன இவை எல்லாம்.

விலைதான் கொடுமை. அமெரிக்காவில் அந்த அரிவாள் செல் சிகிச்சைக்கு 22 லட்சம் டாலர் வைத்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் யார் 18 கோடி கொடுப்பது? டெல்லியிலுள்ள ஐ.ஜி.ஐ.பி. என்ற அரசு மரபணு ஆய்வகம் குறைந்த செலவில் உள்நாட்டுச் சிகிச்சையை உருவாக்கி வருகிறது. நெறிமுறை பற்றிப் பேசுகிற நாம் இதையும் அதே குரலில் பேச வேண்டும்.

இதெல்லாம் போக, உண்மையிலேயே வேறு வழியில்லாத தம்பதிகள் ஒருவர்கூட இல்லையா? இருக்கிறார்கள். கணவன், மனைவி இருவருக்குமே அரிவாள் செல் நோய் இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வரும். தேர்ந்தெடுக்க நோயில்லாத கரு ஒன்றுகூட இருக்காது. இதே நிலையில் உள்ள காது கேளாத தம்பதிகளை மனதில் வைத்துத்தான் 2019-இல் மாஸ்கோவில் தெனிஸ் ரெப்ரிகோவ் என்ற ஆய்வாளர், ஜி.ஜே.பி.2 மரபணுவைக் கருவில் திருத்தப்போவதாக அறிவித்தார். அந்தத் தம்பதிகளின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் காது கேளாமல் இருப்பது உயிரை எடுக்கும் நோயா? சைகை மொழியில் முழு வாழ்க்கை வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஒலியைக் கேட்க உதவும் காக்லியர் கருவியைத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே குழந்தைகளுக்குப் பொருத்துகிறார்கள். அதற்காகக் குரோமோசோமே தொலைந்துபோகக்கூடிய ஆபத்தில் ஒரு பிள்ளையைத் தள்ளுவது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் அரிவாள் செல் நோய் உள்ள தம்பதி என்றால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருக்காது. அவர்களிடமும் இன்றைக்கு "வேண்டாம், பொறுங்கள்" என்றுதான் சொல்வேன். "எப்போதுமே கூடாது" என்று சொல்ல மாட்டேன்.

கடவுளின் வேலையில் தலையிடலாமா என்ற வாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மை ஊசிக்கும் அதையேதான் சொன்னார்கள். பிறக்காத குழந்தையிடம் சம்மதம் வாங்க முடியாது என்ற வாதமும் தனியாக நிற்காது. பெயர், தாய்மொழி, தடுப்பூசி என்று எதற்கும் நாம் பிள்ளையிடம் சம்மதம் கேட்பதில்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் கனமான ஒன்று இருக்கிறது. எந்த மருத்துவ ஆய்விலும், நடுவில் விலகிக்கொள்ளும் உரிமை சேர்ந்தவருக்கு உண்டு. லுலுவும் நானாவும் விலக முடியாது. வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கப்பட வேண்டும். நாளை அவர்கள் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். "நான் வரமாட்டேன்" என்று சொன்னால் அது அவர்களுக்கே ஆபத்தாகலாம்.

அடுத்து, நமக்கு ரொம்பவும் நெருக்கமான ஒரு விஷயம். புத்திசாலிக் குழந்தை, உயரமான குழந்தை என்று ஆர்டர் கொடுத்து வாங்குவார்கள் என்ற பயத்துக்கு, விஞ்ஞானிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. உயரத்தோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் மட்டும் 12,000-க்கு மேல் என்று 2022-இல் வந்த ஆய்வு காட்டுகிறது. அத்தனையையும் யாராலும் திருத்த முடியாது. உயரத்துக்கும் அறிவுக்கும் இந்தச் சமாதானம் பொருந்தும். நிறத்துக்குப் பொருந்தாது. எஸ்.எல்.சி.24.ஏ.5 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவது, நம் துணைக்கண்டத்து மக்களின் தோல் நிற வேறுபாட்டில் கணிசமான பங்கு வகிக்கிறது. ஒரே எழுத்து! மணமகள் தேவை விளம்பரத்தில் "சிவப்பாக" என்று போடத் தயங்காத ஒரு சமூகத்தின் கையில் இந்தத் தொழில்நுட்பம் வந்தால் முதலில் எதற்கு விலை பேசுவார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஸ்கேன் கருவியின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அது கருவின் குறைபாட்டைக் கண்டறிய வந்தது. நாம் பெண் பிள்ளையைக் கண்டறியப் பயன்படுத்தினோம். 1994-இல் சட்டம் வந்தது, தண்டனை வந்தது. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-இல் 927, 2011-இல் 919. சட்டம் இருக்கும்போதே இறங்கிக்கொண்டே போனது. பெண் சிசுக்கொலை நடந்த உசிலம்பட்டியையும் 1992-இன் தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் பார்த்த மாநிலம் இது. "பெற்றோர் விருப்பம், நாம் யார் தடுக்க" என்ற பேச்சை நாம் கொஞ்சம் நிதானமாகத்தான் கேட்க வேண்டும்.

பொறுப்போடு செய்வது எப்படியிருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அம்மாவின் மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது செல்லுக்குச் சக்தி தரும் பகுதியில், உள்ள கோளாறு பிள்ளைக்குப் போகாமலிருக்க, இன்னொரு பெண்ணின் முட்டையிலுள்ள நல்ல மைட்டோகாண்ட்ரியாவைப் பயன்படுத்தும் முறை பிரிட்டனில் உண்டு. இது மரபணுவை வெட்டுவது இல்லை என்றாலும், மாற்றம் வழிவழியாகப் போகக்கூடியது. அங்கே பல ஆண்டுகள் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2015 பிப்ரவரியில் நாடாளுமன்ற மக்களவை 382-க்கு 128 என்று வாக்களித்தது. அதன் பிறகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். நியூகாசில் மருத்துவர்கள் பத்தாண்டு கழித்து, 2025 ஜூலையில், எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார்கள். அவர்களில் மூன்று பேரிடம் கோளாறுள்ள மைட்டோகாண்ட்ரியா ஓரளவு இருப்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஷென்செனில் உலகம் விஷயத்தைத் தெரிந்துகொண்டபோது குழந்தைகள் பிறந்தே விட்டார்கள்.

2025 மே மாதம், செல் மற்றும் மரபணுச் சிகிச்சைத் துறையின் அமைப்புகள் மூன்று, கருவைத் திருத்திப் பிள்ளை பெறுவதைப் பத்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டன. கேட்டவர்கள் இந்தக் கருவிகளையே வைத்துப் பிழைப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கோரிக்கை எனக்கும் சரியாகவே படுகிறது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் திருத்திய கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதை அனுமதிப்பதில்லை. ஆனால் வழிகாட்டுதலுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. சீனா, ஹே விவகாரத்துக்குப் பிறகு, 2021-இல் இதைக் குற்றவியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையங்கள் திறந்துகொண்டிருக்கும் நாம் இன்னும் செய்யவில்லை.

உங்கள் குடும்பத்தில் இப்படி நோய் இருந்து, அதனால்தான் கேட்டீர்கள் என்றால், செய்ய வேண்டியது இதுதான். நோயுள்ள பிள்ளையின் மரபணுப் பிழை என்னவென்று முதலில் பரிசோதித்து எழுத்தில் வாங்கி வையுங்கள். அது இல்லாமல் அடுத்த எந்தப் பரிசோதனையும் செய்ய முடியாது. கணவன், மனைவி இருவரும் கேரியர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சொந்தத்தில் திருமணம் என்றால், அதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலசீமியாவுக்கும் அரிவாள் செல்லுக்கும் கேரியர் பரிசோதனை சாதாரண ரத்தப் பரிசோதனைதான். இயல்பாகக் கர்ப்பம் தரித்தால் 11-லிருந்து 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம். கருக்கலைப்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஐ.வி.எஃப். செய்து நோயில்லாத கருவைத் தேர்ந்தெடுக்கலாம். பரம்பரை நோய்க்காக மட்டும் அந்தப் பரிசோதனையை கருத்தரிப்புச் சிகிச்சைகளுக்கான இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. செலவு அதிகம், ஒரே முறையில் கர்ப்பம் நிற்காமலும் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். எந்த மையமாவது "கருவைத் திருத்தித் தருகிறோம்" என்று சொன்னால் அங்கே கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.